நான் கை வைக்காத மூட்டை

கொழும்புக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு சாரம், ஒரு சட்டை, தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு. அங்கே கடைத்தெருவான புறக்கோட்டையில் எனக்கு மாமன் இல்லை, மச்சான் இல்லை, ‘இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல ஒரு நாதி இல்லை. அப்படி வந்தவன் என்னென்ன செய்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தெரியாது என்று சொல்லக்கூடாது.

கொழும்பில் மூட்டை தூக்குகிறவனை நாட்டாமி என்பார்கள். புறக்கோட்டையில் ‘சன்னாசி செட்’ என்ற நாட்டாமிக் கூட்டத்தை உண்டாக்கியவன் நான். முதலில் கைவண்டி, பிறகு ஒரு லொறி, பிறகு இன்னொரு லொறி. மழை வந்தால் ஒதுங்க இடமில்லாத தெருவில் நாட்டாமிகளுக்குத் தகரக் கொட்டகை போட்டது நான். குடிக்கக் குழாய் வைத்தது நான். முதுகு பிடித்துப் படுத்தவன் வீட்டில் அடுப்பு எரிய ஒரு நிதி தொடங்கியதும் நான்தான். நாட்டாமிகள் சங்கம் அதற்குப் பிறகு வந்தது. அந்த நிதியைத் தங்கள் சாதனை என்று மேடையில் சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும். கொட்டாஞ்சேனை முடுக்கில் ஒரே அறையில் குடியிருந்தேன். அதே கொட்டாஞ்சேனையில் மகளுக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்தேன். இன்று வெள்ளவத்தையில், கடல் தெரியும் தொடர்மாடியில், என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. ஒரு பக்கம் டொக்டர், எதிரே எஞ்சினியர். நடுவில் நான்.

டொக்டர் லிஃப்டில் ‘குட் மோர்னிங்’ சொல்வார். எஞ்சினியர் வீட்டார் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அந்தக் கதவு பூட்டியே கிடக்கிறது.

சங்கத்தின் இளைய செயலாளர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். சங்கம் நினைவு மலர் போடுகிறதாம்.

“ஐயா, பழைய ஆளுங்க அனுபவம் வேணும். நீங்க எழுதித் தாங்க.”

“என்னத்த எழுத?”

“அந்தக் காலத்துல மூட்ட எப்படித் தூக்குனீங்க, அதத்தான். இப்ப எல்லாம் மெஷின் வந்திருச்சில்ல. பொடியன்களுக்குத் தெரியாது.”

பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். பால்கனியில் நின்று கடலோடு தன்னைப் படம் எடுத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார் என்று நினைத்து பிஸ்கட் பாக்கெட்டை உடைத்தேன். “நேரமாச்சு ஐயா” என்று கிளம்பிவிட்டார். அவர் உட்கார்ந்த கதிரையில் அதற்கு முன் கடைசியாக யார் உட்கார்ந்தார் என்று யோசித்துப் பார்த்தேன். மின்சார வேலைக்கு வந்தவர்.

எழுதுகிறேன். ஆனால் மூட்டை தூக்கியதை மட்டும் எழுதமாட்டேன்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் காசிம் நானா. அவர் செட்டில் சேர்ந்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. வெங்காயம், சீனி, அரிசி, கருவாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி, ஒரு நடை உண்டு. எல்லாம் பழகப் பல வருடம் பிடித்தது. தோலும் உரிந்தது, கழுத்தும் தடித்தது. அந்தக் கதை எல்லா நாட்டாமிக்கும் ஒன்றுதான். அதை விடுங்கள்.

காசிம் நானாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வெள்ளைத் தொப்பி, வெள்ளைப் பெனியன், பச்சை இடுப்புப் பட்டி. சத்தம் போடமாட்டார். புறக்கோட்டையில் எல்லாச் செட்டுத் தலைவரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் லொறிக்குப் பக்கத்தில் வந்து நின்றாலே போதும், நாங்கள் பீடியை அணைத்துவிடுவோம். யாராவது பிழை விட்டால் அவனைப் பார்க்கமாட்டார். அவன் தூக்கிய மூட்டையைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். அதைவிட அடித்திருந்தால் நல்லது என்று இருக்கும்.

லொறி வந்ததும் பின்பலகையை நாங்கள் இறக்குவோம். யாரும் ஏறமாட்டோம். காசிம் நானா ஏறுவார். கயிறு அவிழ்ந்திருக்கிறதா, சாக்கு ஈரமா, தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். மூக்கை வைத்து மணந்து பார்ப்பார். பிறகு முதல் மூட்டையின் மேல் வலது உள்ளங்கையை விரித்து வைப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். கையை எடுத்த பிறகுதான் நாங்கள் சும்மாட்டைத் தலையில் வைப்போம்.

இதற்குப் பெயர் கை வைத்தல். கை வைத்துவிட்டால் அந்த லொறிச் சரக்கு முழுக்க அவருடைய பொறுப்பு. குறைந்தாலும் கிழிந்தாலும் முதலாளி அவரிடம்தான் கேட்பார், தூக்கியவனிடம் கேட்கமாட்டார். அதனால் நாட்டாமியிடம் யாராவது “இது யாருடைய வேலை?” என்று கேட்டால், சரக்குக்காரன் பெயர் வாயில் வராது. தலைவர் பெயர்தான் வரும். “காசிம் நானா கை வச்சது” என்போம். தலைவர் கை வைக்காத மூட்டையை ஒருவன் தூக்கினால், அது வேலை அல்ல, திருட்டு. அப்படி எங்களுக்கு எலும்பில் ஏறிய பழக்கம் அது.

ஒரு முறை நான் அவசரப்பட்டு, அவர் வருமுன் ஒரு மூட்டையை இறக்கிவிட்டேன். நானா அந்த மூட்டையைத் திரும்ப லொறியில் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். ஏறி வந்து கை வைத்தார். “இப்ப எறக்கு மகன்” என்றார். அவ்வளவுதான். செட் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

நானா மௌத்தாகி, அவரை அடக்கம் செய்த பிறகு நான் செட் தொடங்கினேன். அவர் கை வைத்த மாதிரியே நானும் வைத்தேன். ஆனால் நான் கத்துவேன். அது என் சுபாவம்.

என் செட்டில் கடைசியாக நான் வளர்த்தெடுத்த ஆள் செல்வம். என் அக்காள் மகன். அவனைத் தோட்டத்திலிருந்து கூட்டி வந்து, சும்மாடு கட்டுவதிலிருந்து சொல்லிக்கொடுத்து, என் ஒரே மகள் விஜியைக் கட்டியும் வைத்தேன். நல்ல உடம்பு, நல்ல கை. சீனி மூட்டையைத் தூக்கி வைத்தால் சத்தம் கேட்காது. என் மனைவி சாகும்போது அவன் மடியில்தான் தலை வைத்திருந்தாள். அவனை மருமகன் என்று நான் சொன்னதே இல்லை, மகன் என்றுதான் சொல்வேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கொட்டாஞ்சேனையில் பிலோமினா டீச்சர் என்று ஒருவர் மாநகர சபை உறுப்பினராக இருந்தார். படிப்பித்து ஓய்வு பெற்று அரசியலுக்கு வந்தவர். எனக்கும் அவருக்கும் பெரிய பழக்கம் இல்லை. ஒரு தடவை என் லொறி முடுக்கு வாசலை மறித்து நின்றதற்கு, குடையால் பொனட்டில் தட்டி, “இது ரோட்டா, உங்கட வீட்டு முற்றமா?” என்று ஏசியிருக்கிறார். நானும் பதிலுக்கு ஏசினேன். அவ்வளவுதான் உறவு.

எங்கள் பகுதியில் தனபாலன் முதலாளி என்று ஒருவரும் இருந்தார். அரிசி, சீனி மொத்த வியாபாரம். என் செட்டுக்கு வேலை கொடுத்ததில் பெரும்பகுதி அவர்தான். அவருக்கு ஒரு முடுக்கின் மேல் கண் இருந்தது. அங்கே இருந்த குடும்பங்களை எழுப்பிவிட்டு மாடிக் கட்டிடம் போடவேண்டும். டீச்சர் சபையில் எழும்பி நின்று, “அந்தச் சனத்துக்கு வேற வீடு குடுக்காமல் ஒரு கல்லும் கழட்ட ஏலாது” என்று மறித்துவிட்டார். தேர்தலும் கிட்ட வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம்தான் களனி ஆறு பெருகி வெள்ளம் வந்தது. நிவாரண அரிசி வந்து ஒரு மண்டபத்தில் இறங்கியது. பங்கிடும் பொறுப்பு டீச்சருக்கு. பங்கிட்டும் முடித்தார். சில நாளில் எல்லார் போனிலும் ஒரு படம் வந்தது. கிராண்ட்பாஸில் ஒரு பூட்டிய களஞ்சியம், உள்ளே நிவாரண முத்திரை குத்திய அரிசி மூட்டைகள். ‘ஏழைகளின் சோற்றைத் திருடிய டீச்சர்’ என்று கீழே எழுதியிருந்தது. யார் எழுதினார், யார் படம் எடுத்தார், ஒன்றும் இல்லை. ஆனால் பொழுது சாயுமுன் கொட்டாஞ்சேனை முழுக்க நம்பிவிட்டது. நான் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். நேற்றுவரை “டீச்சர், டீச்சர்” என்று பின்னால் போனவன், “எனக்கு அப்பவே சந்தேகம்” என்றான்.

முறைப்பாடு போனது. டீச்சரைப் பிடித்தார்கள். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும்போது சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு போனார். அந்தப் படம் பத்திரிகையில் முன்பக்கத்தில் வந்தது. விளக்கமறியல் என்று சிறையில் வைத்தார்கள்.

எனக்கு அப்போது அது பத்திரிகைச் செய்தி மட்டும்தான். செல்வம் வீட்டுக்கு வரும்வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் அப்போது கொட்டாஞ்சேனையில், மகள் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருந்தேன். செல்வம் இறங்கி வந்தான். சாப்பிட்டீர்களா என்று கேட்டான். நான் சாப்பிட்டது அவன் மேசையில்தான், அவனுக்குத் தெரியும்.

“என்னடா மகன், என்ன விஷயம்?”

“மாமா, டீச்சர் கேசுல நான் பொலிசுல வாக்குமூலம் குடுத்திருக்கேன்.”

“நீயா? ஒனக்கும் அதுக்கும் என்னடா?”

“மண்டபத்துல இருந்து அந்த மூட்டைய நாங்கதான் கிராண்ட்பாசுக்கு ஏத்துனோம், டீச்சர்தான் சொன்னாங்கன்னு.”

“ஏத்துனியா?”

அவன் தரையைப் பார்த்தான். “தனபாலன் முதலாளிதான் சொல்லச் சொன்னாரு மாமா. அவரு கடை, களஞ்சியம் எல்லாத்துக்கும் எனக்குத் தனி செட் தாறேன்னு சொன்னாரு. எத்தன காலத்துக்கு ஒங்க பின்னாடியே...” அதோடு நிறுத்திக்கொண்டான். பிறகு மெதுவாக, “அது மட்டுமில்ல மாமா. ஒங்க பேரையும் சொல்லிட்டேன்” என்றான்.

விஷயம் இதுதான். அவனுடைய கதையைக் கேட்ட பொலிஸ் ஐயா, எழுதிக்கொண்டே, “மே வெட காகேத?” என்று கேட்டிருக்கிறார். இது யாருடைய வேலை என்று. டீச்சருடைய வேலை என்று சொல்லவேண்டியது. முதலாளியும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் நாட்டாமியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் வேறு பதில் வராது. “மாமா கை வச்ச மூட்டை. சன்னாசி செட்” என்று சொல்லிவிட்டான். தனிச் செட்டுக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்லப் போனவன், பொய்யிலும் தலைவர் இல்லாமல் ஒரு மூட்டை நகரும் என்று நினைக்கவில்லை. நான் அப்படிப் பழக்கியிருந்தேன். என் பயிற்சி அப்படிப்பட்டது.

அன்றிலிருந்து அந்தப் பொய் நிற்பதும் விழுவதும் என் வாயில் வந்து நின்றது. நான் ‘ஆமாம்’ என்றால் டீச்சர் உள்ளே. ‘இல்லை’ என்றால் செல்வம் உள்ளே.

தனபாலன் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அவர் கடையில் எனக்கு எப்போதும் நின்றுதான் பழக்கம். அன்று கதிரை போட்டார்.

“சன்னாசி, நீ பெரிய கதை ஒண்டும் சொல்ல வேணாம். பொலிஸ் வந்து கேட்டா, ஓம் எண்டு ஒரு சொல்லு. மிச்சத்த அவங்க எழுதிக்கொள்ளுவாங்க.”

“நான் கை வைக்கலயே முதலாளி.”

சிரித்தார். “நீ இந்த வயசுக்கு எத்தினை ஆயிரம் மூட்டைக்குக் கை வச்சிருப்பாய். அதில ஒண்டு கூடினா என்ன, குறைஞ்சா என்ன? அந்த மனுசி உனக்கு அக்காவா, தங்கச்சியா?”

“அது ஒண்ணுமில்ல.”

“அப்ப என்ன? செல்வம் உன்ர மகளின்ர புருசன். மறந்திட்டியோ?”

நான் எழும்பி வந்துவிட்டேன். வாசலில் என் செட் ஆட்கள் அவருடைய லொறிக்காகக் காத்து நின்றார்கள். அந்த வாரமே வேலை வேறு செட்டுக்குப் போய்விட்டது.

இங்கே ஒன்றை நேராகச் சொல்கிறேன். டீச்சர் மேல் வைத்த பக்தியால் நான் மறுக்கவில்லை. நீதி, நேர்மை என்று பெரிய சொற்கள் எனக்கு அப்போது தோன்றவும் இல்லை. நான் கட்டிய எல்லாமே என் உள்ளங்கையில் நின்றது. சன்னாசி கை வைத்தால் சரக்கு சரியாகப் போய்ச்சேரும் என்று புறக்கோட்டை முழுக்க நம்பியது. சாட்சி இல்லாமல், கையெழுத்து இல்லாமல் நம்பியது. திருட்டு மூட்டைக்கு என் கையைக் கொண்டுபோய் ஒட்டினால் நான் யார்? அதற்குப் பிறகு நான் எந்த மூட்டையில் கை வைப்பேன்?

பொலிசில் கூப்பிடுமுன் விஜி வந்தாள். அவள் இறங்கி வரும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பேரன் சின்னவனை இடுப்பில் வைத்திருந்தாள்.

“அப்பா, ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிருங்கப்பா.”

“பொய்யம்மா அது.”

“எனக்குத் தெரியும் பொய்யின்னு. ஒங்களுக்கும் தெரியும். டீச்சருக்குப் பெரிய லோயர் இருக்காங்க, கட்சி இருக்கு, எப்படியும் வெளிய வந்துருவாங்க. இவருக்கு யாரு இருக்கா? நீங்கதானே இருக்கீங்க.”

“அவன் போயி உண்மையச் சொல்லட்டும். நானும் கூடவே வாறேன். லோயர் நான் வைக்கிறேன்.”

“சொன்னா முதலாளி விடுவாரா? மறியலுக்குத்தான் போகணும். நீங்க கைய கையன்னு சொல்றீங்களே, இந்தப் புள்ள ஒங்க கை இல்லியா?”

சின்னவன் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவள் அவன் விரலைப் பிரித்து எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

செல்வத்திடமும் கேட்டுப்பார்த்தேன். காலில் விழாத குறை. “இப்பவே போய் மாத்திச் சொல்லுடா, பிந்தல” என்றேன். “நீங்க மட்டும் ஓம்னா ஒரு பிரச்சினையும் இல்ல மாமா” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

பொலிசில் எனக்கு ஒரு மரியாதைக் குறைவும் இல்லை, அதையும் சொல்லவேண்டும். வயதான அதிகாரி ஒருவர், “வாடிவென்ன அய்யே” என்று கதிரை காட்டினார். கேட்டார். நான் கை வைக்கவில்லை என்றேன். என் செட் அந்த மண்டபத்துக்குப் போகவே இல்லை என்றேன். பேனையை நிறுத்திவிட்டு, செல்வம் உங்களுக்கு யார் என்று தெரிந்துதானே சொல்கிறீர்கள் என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்படியே எழுதினார்.

என் சொல்லால் டீச்சருக்குப் பிணை கிடைத்தது. அவருடைய சட்டத்தரணி கெட்டிக்காரர், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் பிடித்துக்கொண்டு நீந்திய கட்டை நான்தான்.

வழக்கு புதுக்கடை நீதிமன்றத்தில் நடந்தது. நான் சாட்சிக் கூண்டில் ஏறிய நாளை எழுதுகிறேன். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். செல்வம் முன் பக்கம் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தான். பின்னால் விஜி. டீச்சர் எதிர்ப் பக்கக் கூண்டில் நிற்கும்போது சேலையால் முகத்தை மூடவில்லை, ஆனால் யாரையும் பார்க்கவும் இல்லை.

சிங்களத்தில் நடக்கும் வழக்கு. நான் தமிழில் சொல்வேன், மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்வார். எனக்கு இரண்டும் விளங்கும். விஜிக்கும் விளங்கும்.

முறைப்பாட்டுப் பக்கத்துச் சட்டத்தரணி எழும்பினார். எத்தனையோ மூட்டை பார்த்த ஆளுக்கு மறந்திருக்கலாம் அல்லவா என்றார். இல்லை என்றேன். வயதாகிவிட்டது அல்லவா என்றார். ஓம் என்றேன். கோர்ட்டில் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“செல்வம் உங்களுக்கு என்ன முறை?”

“என் மகளைக் கட்டியவர்.”

“உங்கள் மேல் அவருக்கு ஏதும் கோபம் உண்டா?”

“இல்லை. எனக்கும் அவர் மேல் இல்லை.”

“அப்படியென்றால் அவர் ஏன் உங்கள் பெயரைச் சொல்லவேண்டும்? உங்கள் மருமகன் பொய் சொல்கிறார் என்றா சொல்கிறீர்கள்?”

கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். செல்வம் என்னை நிமிர்ந்து பார்த்தான். தோட்டத்திலிருந்து வந்த அன்று, முதல் மூட்டை தலையில் ஏறியபோது பார்த்தானே, தாங்குமா தாங்காதா என்று, அதே பார்வை.

“ஓம் ஐயா. அவர் சொல்றது பொய்.”

மொழிபெயர்ப்பாளர் நீதவானைப் பார்த்து, “ஒஹு கியன்னே பொரு” என்றார். நான் ஒரு தரம்தான் சொன்னேன். என் மகள் இரண்டு தரம் கேட்டாள்.

பின்னால் வாங்கு நகரும் சத்தம். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தபோது இடம் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பொய் நிற்கவில்லை. செல்வத்தைத் திரும்பக் கூண்டில் ஏற்றிக் கேட்டபோது அவன் அழுதுவிட்டான். மூட்டையைத் தூக்கவில்லை என்றும், நிவாரணச் சாக்கு மட்டும் எங்கிருந்தோ வாங்கி வேறு அரிசி நிரப்பி வைத்தார்கள் என்றும், யார் சொல்லச் சொன்னார் என்றும் எல்லாம் சொன்னான். டீச்சரை விடுதலை செய்தார்கள். பொய்ச் சாட்சிக்குச் செல்வம் மறியலுக்குப் போனான். முதலாளி ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்றார், பிடிக்க வருமுன் வெளிநாடு போய்விட்டார். விடுதலைச் செய்தி பத்திரிகையில் உள்பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே, என் சுண்டுவிரல் அளவில் வந்தது. தேர்தல் அதற்குள் முடிந்து டீச்சர் தோற்றிருந்தார். ‘அரிசிக் கள்ளி’ என்று சுவரில் எழுதியதை வெகுகாலம் யாரும் அழிக்கவில்லை.

நீதிமன்ற வாசலில் டீச்சர் என் கையைப் பிடித்து, “அண்ணன், கடவுள்தான் உங்களை அனுப்பினவர்” என்றார். அதற்குள் கட்சிக்காரர்கள் மாலையோடு வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். மாடிக்குப் போகும் படிக்கதவு உள்ளே பூட்டியிருந்தது.

செட்டில் ஒருவனும் என்னோடு கதைக்கவில்லை. சொந்த மருமகனைக் காட்டிக்கொடுத்தவன் நாளைக்கு எங்களையும் கொடுப்பான் என்றார்கள். நான் லொறியில் ஏறிக் கை வைத்தேன், யாரும் சும்மாட்டைத் தலையில் வைக்கவில்லை. அப்படியே நின்றார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கினேன். லொறிகளை விற்றேன். வெள்ளவத்தைக்கு வந்தேன்.

செல்வம் வெளியில் வந்து கட்டாருக்குப் போய்விட்டான். விஜி அதே மாடி வீட்டில்தான் இருக்கிறாள். நான் சில ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போவேன். கோயிலுக்குப் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவள் தெரு முனையில் இருக்கும் கடையில் ஒரு சோடா வாங்கி, மெதுவாகக் குடிப்பேன். கடைக்காரர் தெரிந்தவர், ஒன்றும் கேட்கமாட்டார். சின்னவன் இப்போது பெரிய பொடியன். ஒரு நாள் கிரிக்கெட் மட்டையோடு என்னைக் கடந்து போனான். பார்த்தான். பார்த்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. நடை மட்டும் செல்வத்தின் நடை.

வீட்டில் டீவி ஓடும். பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போவேன். அங்கே ஜோடி ஜோடியாக இருப்பார்கள், நான் கல்லில் தனியாக இருப்பேன். போன் அடித்தால் எடுப்பேன், யாராவது லோன் வேண்டுமா என்று கேட்பார்கள். அவர்களோடும் கொஞ்சம் கதைப்பேன்.

டீச்சர் அடுத்த தேர்தலில் வென்றார். பிறகும் வென்றார். இப்போது அவருக்குப் பாராட்டு விழா நடந்து, மலரும் வந்திருக்கிறது. நல்ல வழுவழுப்பான தாள். அந்த வழக்கைப் பற்றி ஒரு பகுதியே இருக்கிறது. சட்டத்தரணியின் படம், கட்சித் தலைவரின் படம், ஜெபித்த சிஸ்டரின் படம். கடைசியில், ‘உண்மையின் பக்கம் நின்ற ஒரு எளிய தொழிலாளிக்கும் நன்றி’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். நான் எளியவனா? என் லொறிகள் ஓடிய தெருவில் கட்சித் தலைவர் நடந்துதான் போனார்.

டீச்சருக்குப் போன் எடுத்தேன். உடனே எடுத்தார், அது பெரிய குணம்.

“டீச்சர், என் பேர் எங்க?”

“அண்ணன், நான்தான் போடவேணாம் எண்டு சொன்னனான். உங்கட பேரைப் போட்டா உங்கட குடும்பத்துக்குத்தானே திரும்பவும் கஷ்டம் எண்டு.”

“எந்தக் குடும்பம் டீச்சர்?”

போனை வைத்துவிட்டேன்.

அதனால் சங்கத்து மலரில் இதை எழுதுகிறேன். இன்று ஒருவர் பெயரைக் கெடுக்க ஒரு போன் போதும் என்று எல்லாரும் கூட்டத்தில் பேசுகிறீர்கள். கெட்ட பெயரைத் துடைக்க என்ன போகும் என்று ஒருவரும் பேசுவதில்லை. எனக்குத் தெரியும். டீச்சரின் மலரை மறுபடி அச்சடிக்கும்போதும், சங்கம் எங்காவது இந்தக் கதையைச் சொல்லும்போதும், என் பெயரைப் போடவேண்டும். எளிய தொழிலாளி என்று வேண்டாம். நன்றியும் வேண்டாம். ‘புறக்கோட்டைச் சன்னாசி, செட்டுத் தலைவர், பொய் சொன்ன செல்வத்தின் மாமனார்’ என்று முழுதாகப் போடுங்கள். இடம் போதாவிட்டால் புறக்கோட்டையை எடுத்துவிடுங்கள், செட்டுத் தலைவரையும் எடுத்துவிடுங்கள். மாமனார் என்பதை மட்டும் எடுக்கக்கூடாது. அது இல்லாவிட்டால் நான் செய்தது என்ன என்று யாருக்கும் விளங்காது.